கீல் கம்பெனியின் பங்கு மட்டும் ஏன் விழவில்லை

எல்லாப் பங்குகளும் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்த அந்த மாதத்தில் கீல் கம்பெனியின் பங்கு மட்டும் அலுங்காமல் குலுங்காமல் நின்றது. கதவுக்கும் அலமாரிக்கும் கீல் செய்கிற கம்பெனி. வங்கி விழுந்தது, சிமெண்ட் விழுந்தது, கடைசியில் மருந்தும் விழுந்தது. "ஜனங்க வியாதியையே நிறுத்திட்டாங்களா" என்று யாரோ கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு பச்சை வரி, அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆராய்ச்சிப் பிரிவின் கடைசி மேஜையில், பிரிண்டரின் சூடு முதுகில் அடிக்கிற இடத்தில், கத்தரி உட்கார்ந்திருந்தாள். அது அவள் பெயரில்லை, பட்டம். ஊரார் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடுகிற நிறுவனம் அது; ஒரு கம்பெனியைத் துருவிப் பார்த்து வாங்கலாமா விற்கலாமா என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. சேர்ந்ததிலிருந்து அவள் எழுதிய எல்லா ரிப்போர்ட்டும் 'விற்கவும்' என்றே முடிந்தது. ஆபீஸ் சும்மா இருக்குமா? எதைக் கொடுத்தாலும் வெட்டுகிறாள் என்று கத்தரி எனப் பேர் வைத்துவிட்டது.

பிரிவின் தலைவிக்கும் பட்டம் உண்டு. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை அழித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார் என்பதால் ரப்பர். முகத்துக்கு நேரே எல்லாருக்கும் மேடம்தான். அன்று காலை ரப்பர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் தற்காலிக வேலை இந்த மாசக் கடைசியோட முடியுது."

"தெரியும் மேடம்."

"எல்லா முதலாளியையும் திருடன்னு எழுதறே. பாதிப் பேர் விஷயத்துல சரியாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா எல்லாரையும் திருடன்னு சொல்றதுக்கு ஆராய்ச்சி எதுக்கு, வாய் இருந்தா போதுமே. நல்ல நிர்வாகத்தைப் பார்த்தா அது நல்லதுன்னு உனக்குத் தெரியுதான்னு நான் பார்க்கணும். அதுக்கப்புறம் நிரந்தரம் பத்திப் பேசலாம்."

"எந்தக் கம்பெனி?"

"கீல் கம்பெனி. நம்மகிட்ட நிறைய இருக்கு. நான் வாங்கச் சொன்னது."

கடைசி வார்த்தையை ரப்பர் ஏன் சொன்னார் என்று புரியாத அளவுக்குக் கத்தரி அப்பாவி இல்லை. அவள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தவள் அவள் ஒருத்திதான். இந்த வேலைக்கு முன்னால் ஒரு போன் கம்பெனியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாருடைய பில்லுக்காகவோ நாள் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். நிரந்தரம் ஆகாவிட்டால் மறுபடி அதே நாற்காலி, அதே திட்டு. நல்லவர் என்று எழுதினால் வேலை, இல்லாவிட்டால் ஹெட்போன். சமாசாரம் அவ்வளவுதான்.

ஆனாலும் மேஜைக்குத் திரும்பியபோது அவளைப் பிடித்து ஆட்டியது பயமில்லை. அந்தப் பச்சை வரிதான். ஏன் விழவில்லை?

முதலில் அவள் சந்தேகப்பட்டது எல்லாரும் சந்தேகப்படுவதைத்தான். முதலாளியே பினாமிகளை வைத்து வாங்கி விலையைத் தாங்கிப் பிடிக்கிறாரோ? தோண்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவர் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை, தன் பங்கை அடகு வைக்கவுமில்லை. கணக்குத் தணிக்கையாளர் பாதியில் ஓடிப்போகவில்லை. மைத்துனர் பெயரில் கிளைக் கம்பெனி எதுவும் கிடையாது. இவ்வளவு சுத்தமாக ஒரு கம்பெனி இருக்க முடியுமா என்று அவளுக்கு எரிச்சலாகவே வந்தது.

பக்கத்து மேஜைக்காரனைக் கேட்டாள். அவனுக்கு வாழ்த்து என்று பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிகள் தங்கள் லாப நஷ்ட முடிவுகளைப் போனில் வாசித்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லும். நாடு முழுக்க அவர்களைப் போன்றவர்கள் அந்தப் பொது அழைப்பில் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். "வாழ்த்துகள் சார், பிரமாதமான முடிவுகள்" என்று ஆரம்பிக்காமல் இவன் ஒரு கேள்வி கேட்டதில்லை. நஷ்டம் வந்த கம்பெனிக்கும் அதேதான்.

"யாரும் விக்கல. அதான் விழல," என்றான் வாழ்த்து.

"ஏன் விக்கல?"

"அவர் நல்லவரு."

"அதெல்லாம் ஒரு காரணமா?"

"ஊரே பத்தி எரியறப்ப எல்லாரும் எங்க ஓடுவாங்க? நம்பிக்கையான மனுஷன் வீட்டுக்குத்தான். மத்ததை வித்த காசைக்கூட அங்கதான் கொண்டுபோய் வைக்கறாங்க."

"அந்த வீடு எத்தனை பேரைத் தாங்கும்னு யாராச்சும் பார்த்தீங்களா?"

"நீ பாரு. உனக்குத்தான் மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கே."

அவனை முறைத்துவிட்டு, பழைய அழைப்புகளின் பதிவுகளை எடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். மற்ற முதலாளிகள் எப்படிப் பேசுவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். லாபம் வந்தால் 'நான்'. நஷ்டம் வந்தால் மழை, வெயில், சர்க்கார், சூழ்நிலை. கீல்காரர் நேர்மாறாகப் பேசினார். ஒருமுறை, "கண்ணாடியில கைப்பிடி செஞ்சு வித்தோம். எல்லாம் உடைஞ்சு திரும்பி வந்துடுச்சு. யோசனை என்னோடது, முட்டாள்தனமும் என்னோடது" என்றார். இன்னொரு முறை, இரும்பு உச்ச விலையில் இருந்தபோது மலை மாதிரி வாங்கிக் குவித்ததை ஒப்புக்கொண்டார். புதுத் தொழிற்சாலையைப் பள்ளத்தில் கட்டி, வெள்ளத்தில் விட்டதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

கத்தரி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். குறை கண்டுபிடிக்கப் போன இடத்தில் அந்த ஆளே முந்திக்கொண்டு குறையைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அங்கே என்ன வேலை? இப்படி ஒரு முதலாளி எங்கிருந்து முளைத்தார்? நேரில் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த நாளுக்கே நேரம் கேட்டு வாங்கினாள்.

வீட்டில் அவள் கீல்காரரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சரக்கு வேன் ஓட்டிவிட்டு வந்த அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இவரா? இவர் பேசின வீடியோ என் போன்ல இருக்கு. 'முதலாளிக்கு முதல்ல வெட்கம் இருக்கணும்'னு சொன்னாரே. அவர் மேல கை வைக்காதே, சொல்லிட்டேன்."

"நீ யாரு அவருக்கு, மச்சானா?"

"நல்லவன்னு நாட்டுல ஒருத்தன் இருக்கான். அவனையும் கத்தரிச்சுடாதே."

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. "இவ எழுதி அவருக்கு என்ன ஆகப்போகுது. இவ வேலைதான் போகும்."

"அண்ணி, நீங்க எந்தப் பக்கம்?"

"சம்பளம் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம்."

அம்மா சமையலறையிலிருந்து, "முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் யார் யாரைக் கத்தரிக்கணுமோ கத்தரிச்சுக்கோங்க" என்றாள்.

மறுநாள் கத்தரி சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். எங்கே போனாலும் அப்படித்தான். மீட்டிங் அறையில் முதலாளி எப்படி வேண்டுமானாலும் நடிக்கலாம். வரவேற்பறைக்கு ஒத்திகை பார்க்க எவருக்கும் நேரமிருப்பதில்லை என்பது அவள் கட்சி.

சோபா ஓரத்தில் கிழிந்து பஞ்சு தெரிந்தது. பாக்கி கேட்டு, அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவர் ஒருவர் வந்தார். அவரை நிற்க வைத்துக் காயப்போடாமல் உள்ளே அனுப்பினார்கள், போன வேகத்தில் முகம் மலர்ந்து திரும்பினார். அதுவரை எல்லாம் அவள் எதிர்பார்க்காதவைதான். அதைவிட அதிசயம் எதிர்ச் சுவரில் இருந்தது. ஒரு கண்ணாடி அலமாரி. மற்ற கம்பெனிகளில் அந்த இடத்தில் கேடயமும் கோப்பையும் இருக்கும். இங்கே உடைந்த கைப்பிடி ஒன்று, துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று, கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் இயந்திரங்களின் புகைப்படம் ஒன்று. மேலே பெரிய எழுத்தில் 'எங்கள் முட்டாள்தனங்கள்'. அவளுக்கு முன்னால் வந்திருந்த, கோட்டுப் போட்ட முதலீட்டாளர்கள் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கும் ஒரு படம் எடுக்கலாமா என்றுதான் கை துறுதுறுத்தது.

கீல்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தார். "ரொம்ப முன்னாடியே வந்துட்டீங்கன்னு சொன்னாங்க. வேவு பார்த்தீங்களா?"

"ஆமா சார்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா தெரிஞ்சுது?"

"சோபா கிழிஞ்சிருக்கு."

"அது சிக்கனம் இல்லை, கஞ்சத்தனம். வாங்க, உள்ள போகலாம்."

உள்ளே ஒரு மூலையில் சுவரே இல்லாமல் கதவுகள் மட்டும் வரிசையாக நின்றன. இயந்திரக் கைகள் அவற்றைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தன. கீல் எத்தனை தடவை தாங்கும் என்று பார்க்கிறார்களாம். அவள் சலிக்காமல் கேட்டாள், அவர் சளைக்காமல் சொன்னார். சம்பளம் எவ்வளவு எடுக்கிறார், யாரை வேலையை விட்டு அனுப்பினார், ஏன் அனுப்பினார், எதற்கும் அவர் கண் வேறு பக்கம் போகவில்லை.

"உங்க பையன் எப்ப வர்றார் சார், நாற்காலிக்கு?"

"கேட்டான். குடுக்கல. அதுக்கப்புறம் வீட்டுல எனக்குக் கொஞ்சம் மரியாதை கம்மி."

"பங்கு விலை? உங்க ஒரு வருஷ லாபத்தைப் போல எழுபது மடங்கு குடுத்து வாங்கறாங்க. உங்களை மாதிரி இரும்புச் சாமான் செய்யறவங்களுக்கு இருபது மடங்கே ஜாஸ்தி. இது சரியா?"

அவர் ஒரு கீலை எடுத்து விரித்து மடக்கினார். "அதை வாங்கறவங்ககிட்டதாம்மா கேட்கணும். நான் கீல்தான் செய்யறேன், விலையை நான் செய்யறதில்ல. எனக்குத் தெரியல."

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கத்தரி அங்கேயே போனில் எழுத ஆரம்பித்தாள். 'நிர்வாகம் மிக நல்லது. வாங்கலாம்.' எழுதி முடித்ததும் மனம் லேசானது. ரப்பருக்குச் சந்தோஷம், அண்ணனுக்குச் சந்தோஷம், அண்ணிக்குச் சம்பளம். தனக்கும் சந்தோஷம்தான், உலகத்தில் ஒரு யோக்கியனைப் பார்த்தாகிவிட்டது.

எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி அவள் இதுவரை எதையும் எழுதியதில்லை. அந்த இடம்தான் நெருடியது.

ரிப்போர்ட்டுக்கு வேண்டுமே என்று, வெள்ளத்தில் போன நஷ்டம் எவ்வளவு என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. அந்தப் பதிவை இரண்டு தடவை கேட்டிருந்தாள். அவர் குரல் எந்த இடத்தில் தழுதழுத்தது என்று சொல்லச் சொன்னால் சொல்வாள். தொகை? மறுபடி கேட்டுப் பார்த்தாள். அவர் தொகையைச் சொல்லவேயில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவர் தவறு என்றதுமே வாழ்த்தும் அவன் கூட்டமும் "உங்க நேர்மைக்குத் தலை வணங்கறோம் சார்" என்று தொடங்கி, அழைப்பு முடிகிறவரை வணங்கிக்கொண்டே இருந்தார்கள். கைப்பிடிக்கும் அதேதான், இரும்புக்கும் அதேதான்.

ஒவ்வொரு அழைப்புக்கும் மறுநாள் பங்கு விலை என்ன ஆனது என்று பார்த்தாள். கைப்பிடி உடைந்தது, விலை ஏறியது. இரும்பில் ஏமாந்தார், ஏறியது. தொழிற்சாலை முழுகியது, எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறியது. லாபம் சில வருடங்களாக நின்ற இடத்தில் நொண்டி அடித்துக்கொண்டிருந்தது, விலை மட்டும் பல மடங்காகிவிட்டிருந்தது.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அதுதான் வேடிக்கை. பொய் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள், ஒருவர் 'தப்பு' என்று சொன்னதும் புல்லரித்துப்போய், தப்பு எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டார்கள். மற்றவர்களைச் சொல்வானேன், ஒருநாள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அவளும் அதே புல்லரிப்பில்தான் எழுதியிருக்கிறாள். கத்தரிக்குக் கோபம் வந்தது. வழக்கம்போல முதலாளி மேல் இல்லை, தன் மேல். 'வாங்கலாம்' என்பதை அழித்தாள். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த நாளே கீல் கம்பெனியின் அழைப்பு. மீட்டிங் அறையில் மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன். ரப்பர் மேஜையின் தலைப்பக்கம், பக்கத்தில் வாழ்த்து, கதவோரம் கத்தரி. கீல்காரர் வழக்கம்போல நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதில் ஆரம்பித்தார். அவர்களிடம் அதிகம் வாங்குகிற மரச்சாமான் கம்பெனி விலகிப் போகிறது. சத்தமில்லாமல் மெதுவாக மூடுகிற கீல் வேண்டும் என்று அவர்கள் கேட்டு நாளாகிவிட்டது, இவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மத்தவங்க செஞ்சு குடுத்துட்டாங்க. கேட்டும் கேட்காத மாதிரி இருந்தது என் தப்பு."

"வாழ்த்துகள் சார்," என்றது ஏதோ ஒரு குரல். "இந்த வெளிப்படைத்தன்மைதான் உங்களை..."

அடுத்த குரல் வாழ்த்தியது. அதற்கடுத்ததும் வாழ்த்தியது. சுவர்த் திரையில் பச்சை வரி இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. அந்த மனுஷனின் பெரிய வாடிக்கை கைவிட்டுப் போகிறது, இவர்கள் கல்யாண வீட்டில் வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். கத்தரி எழுந்து போய், கேள்வி கேட்பதற்கான பொத்தானை அழுத்தினாள். தற்காலிகக்காரர்கள் அழைப்பில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ரப்பர் ஏதோ சொல்வதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

"சார், வாழ்த்து எதுவும் இல்லை. ஒரே கேள்வி. அவங்க போறதால அடுத்த வருஷ லாபத்துல எவ்வளவு குறையும்?"

போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். 'பிறகு தெரிவிக்கிறோம்' என்று அதிகாரி ஒருவர் குறுக்கே வந்தார். கீல்காரர் அவரை நிறுத்தினார்.

"இருங்க, கேட்டிருக்காங்க, சொல்லிடறேன். மூணுல ஒரு பங்கு போயிடும்மா. அதுக்கு மேலயும் போகலாம். புதுக் கீல் செய்ய மெஷின் வாங்கணும், அதனால அதுக்கடுத்த வருஷமும் கஷ்டம்தான்."

வாழ்த்து வரிசை அதோடு கலைந்தது. திரையில் பச்சை வரி ஒரு நிமிடம் நடுங்கியது. பிறகு சிவந்தது. பிறகு படியில் கால் தவறியவன் மாதிரி உருண்டது.

ரப்பர் போனை அணைத்தார். "என் ரூமுக்கு வா."

கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டார். "நம்மகிட்ட அதுல எவ்வளவு இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா ஊர் முழுக்கக் கேட்கற மாதிரி கேட்டே? சந்தேகம் இருந்தா என்கிட்ட வந்து சொல்லு. தனியா போன் போட்டு அவரைக் கேளு. பதிலை இலவசமா எல்லாருக்கும் அள்ளிக் குடுத்துட்டு, நாம பங்கைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்."

"தனியா கேட்டு நமக்கு மட்டும் தெரிஞ்சு, அதை வெச்சு வித்தா அது திருட்டு மேடம். சட்டப்படியும் குத்தம். திருடனைக் கண்டுபிடிக்கத்தானே என்னை வெச்சிருக்கீங்க."

ரப்பருக்குக் கோபம் போகவில்லை, வேறு வழியில் வந்தது. "சரி. அவர் மழுப்பியிருந்தா? மத்தவங்க மாதிரி பார்க்கலாம், சொல்லலாம்னு இழுத்திருந்தா? விலை இன்னும் ஏறியிருக்கும். நீ ஊரறிய முட்டாள் ஆகியிருப்பே."

"மழுப்ப மாட்டார்னு தெரியும்."

"எப்படி?"

கத்தரி இதை யோசித்து வைத்திருக்கவில்லை. சொல்லிக்கொண்டே யோசித்தாள். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றவர் அவர் மேடம். கேட்காததைத்தான் சொல்லல. பங்கு விலை சரியான்னு நேர்ல கேட்டேன். எந்த முதலாளியா இருந்தாலும் இன்னும் ஏறும்னு சொல்லியிருப்பான். இவர் தெரியலன்னு சொன்னார். கணக்கைக் கேட்டா கணக்கைக் குடுத்துடுவார்னு தோணுச்சு. அதை நம்பித்தான் பொத்தானை அழுத்தினேன்."

"உன் வேலையைப் பணயம் வெச்சு நம்பினே."

"ஆமா."

"அப்ப நல்ல நிர்வாகம்ங்கறே."

"நான் பார்த்ததுலயே நல்லது."

"எழுது அதை."

"எழுதறேன். கீழயே விற்கவும்னும் எழுதுவேன் மேடம். ஆள் நல்லவர்ங்கறது ஒண்ணு, அதுக்காக எழுபது மடங்கு குடுக்கறது வேற ஒண்ணு. இவ்வளவு விழுந்த பிறகும் ஜாஸ்திதான்."

ரப்பர் நாற்காலியில் சாய்ந்தார். இந்தப் பங்கை வாங்கச் சொல்லிப் பேர் வாங்கியவர் அவர். "எந்த விலைக்கு வந்தா வாங்கலாம்னு எழுதுவே?"

அவள் சொன்னாள். இப்போதைய விலையில் பாதிக்கும் கீழே.

"இதுக்கு அந்த மனுஷனை நேர்லயே நாலு வார்த்தை திட்டிட்டு வந்திருக்கலாம்."

"அந்த விலைக்கு வந்தா முதல்ல வாங்கச் சொல்றது நான்தான் மேடம். இங்க இருந்தா."

ரப்பர் போனை எடுத்தார். முதலில் பங்குகளை வாங்கி விற்கும் மேஜைக்கு. "கீல்ல பாதியை வித்துடுங்க. ஆமா, நான்தான் சொல்றேன். என்ன விலையோ அதுக்கு." பிறகு ஊழியர் பிரிவுக்கு. "கடைசி மேஜைப் பொண்ணு. ஆமா, அவதான். நிரந்தரம் பண்ணுங்க. இல்ல, கோபத்துல சொல்லல. கோபமும் இருக்கு."

போனை வைத்துவிட்டு, "ரிப்போர்ட் சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்றார். "இன்னொரு தடவை இந்த மாதிரி கேட்கறதா இருந்தா எனக்கு முன்னாடியே சொல்லு. நான் நாற்காலியை நல்லாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துக்கறேன்."

கத்தரி வெளியே வந்தாள். வாழ்த்து கண்ணாலேயே என்ன ஆச்சு என்று கேட்டான். அவள் நேரே சுவர்த் திரைக்குக் கீழே போய் நின்றாள். கீல் கம்பெனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு படியிலும் யாரோ வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். விற்கிறவன் இருந்தால் வாங்குகிறவனும் எதிரில் இருந்துதானே ஆக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு லாபம் போகிறது என்று காதால் கேட்ட பிறகும் இந்த விலைக்கு அள்ளுகிறவர்கள் யார்? அவர்களுக்கு என்ன தெரியும்?

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய பதிவுகளை முதலிலிருந்து மறுபடி கேட்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை பதில்களை விட்டுவிட்டு, கேள்வி கேட்கிறவர்களின் குரல்களை மட்டும்.